ஊசியைக் காத்த விஞ்ஞானி நானாபாய் மூஸ்



துருவப் பக்கத்தில் இரவு வானம் பச்சையும் சிவப்புமாக ஒளிருமே, அந்தத் துருவ ஒளிக்கும் நம்ம நாட்டுக்கும் சம்பந்தம் உண்டா? உண்டுங்க! எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையே அதற்குச் சாட்சி.

நானாபாய் அர்தேசிர் ஃபிராம்ஜி மூஸ் 1859 அக்டோபர் 29 அன்று மும்பையில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 2-ல், சூரியனிலிருந்து கிளம்பிய பெரும் காந்தப் புயல் பூமியைத் தாக்கியது. வடபாதியில் கியூபாவிலும் தென்பாதியில் சிலி நாட்டிலும் வானம் சிவந்தது. மும்பையில் அப்போது முற்பகல் 11 மணி வாக்கு. வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கொலாபா ஆய்வுக்கூடத்தின் காந்த ஊசி தடுமாறியது!

ஏன் இப்படி? பூமி ஒரு பெரிய காந்தம். சூரியப் புயல் அதைக் குலுக்கும்போது மின்னூட்டத் துகள்கள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு துருவப் பக்கமும் இறங்கும். காற்றில் மோதும், ஒளி பிறக்கும். அதனால்தான் வடக்கும் தெற்கும் சேர்ந்தே ஒளிருது. அதே சமயம் வெகு உயரத்தில் பூமியைச் சுற்றி ஓடும் மின்னோட்டம் வலுக்கும். அதுதான் நம்ம நாட்டு ஊசியையும் அசைக்கிறது.

மூஸ் எடின்பரோவில் அறிவியல் படித்துத் திரும்பினார். 1896-ல் கொலாபா ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் இவரே!

அப்போதுதான் சோதனை வந்தது. மும்பையில் குதிரை இழுத்த டிராம் வண்டிகளை மின்சாரத்தில் ஓட்ட முடிவு செய்தார்கள். தண்டவாளத்து மின்சாரம் மண்ணில் கசிந்தால் ஊசி அதற்கும் ஆடும். எது சூரியன் வேலை, எது டிராம் வேலைன்னு எப்படிப் பிரிப்பது?

மூஸ் கடலுக்கு அந்தப் பக்கம், சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள அலிபாக் ஊருக்குக் கருவிகளைக் கொண்டுபோனார். நம்ம கஞ்சமலைக் கல் பக்கத்தில் திசைகாட்டியை வைத்தால் ஊசி இழுபடும் இல்லையா? அப்படி எந்த இழுப்பும் இருக்கக் கூடாதுன்னு, இரும்பே சேராத கட்டடம் அங்கே எழும்பியது. 1904 முதல் 1906 வரை இரண்டு ஊரிலும் ஒன்றாக அளந்தார்கள். பழைய கணக்கும் புதிய கணக்கும் அறுபடாமல் இணைந்தன. 1907-ல் மின்சார டிராம் ஓடியது. ஊசிக்கு ஒன்றும் ஆகவில்லை!

1846 முதல் 1905 வரையிலான 60 ஆண்டுக் கணக்கை 1910-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். கணினி இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு! புயல் வந்தால் காந்த விசை முதலில் சற்று ஏறும், பிறகு மளமளவென்று இறங்கும், மெல்ல மெல்லத் தேறும் என்பதை அதில் எடுத்துக்காட்டினார். 1919-ல் ஓய்வு பெற்றார். 1936-ல் மறைந்தார்.

2003-ல் விஞ்ஞானிகள் கொலாபாவின் பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். 1859-ல் அங்கே காந்த விசை சுமார் 1600 நானோடெஸ்லா இறங்கியிருந்தது! 2024 மே மாதம் லடாக்கிலும் தெற்கே டாஸ்மேனியாவிலும் வானம் சிவந்ததே, அந்தப் புயலின் இறக்கமே சுமார் 400-தான். அதே அளவுப் புயல் இன்று வந்தால் மின்சாரமும் செயற்கைக்கோளும் என்ன ஆகும் என்று கணிக்க அந்தப் பழைய ஏடு உதவுகிறது.

தினமும் பார்த்து எழுதிய எண்கள்தான் அவை. அடுத்த தடவை ஆய்வகத்தில் அளவெடுக்கும்போது நாமும் ஒழுங்கா எழுதி வைப்போமா, நண்பர்களே?