நூலகத் தந்தை சீர்காழி இரங்கநாதன்

மாணவர்களே! நாம் வாழும் பீன்யா, தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. இங்கிருந்து மெட்ரோ இரயிலின் பச்சை வழித்தடத்தில் தெற்கு நோக்கிச் சென்றால், சம்பிகே சாலை நிலையத்தை ஒட்டி மல்லேசுவரம் என்னும் பழைய குடியிருப்புப் பகுதி அமைந்துள்ளது. தமிழகத்தில் பிறந்து, உலக நூலகங்கள் அனைத்திற்கும் வழிகாட்டிய பெரியவர் ஒருவர் தம் இறுதிக் காலத்தை அங்கேதான் கழித்தார். அவரே சீ. இரா. இரங்கநாதன். அவருடைய வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

இரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த சீர்காழியில் பிறந்தார். தந்தையார் இராமாமிருதம், தாயார் சீதாலட்சுமி. ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். உறவினரின் அரவணைப்பில் வளர்ந்து, சீர்காழியில் பள்ளிக்கல்வியை முடித்தார். பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து 1913இல் இளங்கலைப் பட்டமும், 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அக்கல்லூரியின் கணிதப் பேராசிரியர் எட்வர்டு இராசு என்பவரிடம் அவர் கொண்டிருந்த மதிப்பு வாழ்நாள் முழுவதும் குறையவில்லை.

ஆசிரியராவதே அவருடைய விருப்பம். சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி பெற்று, 1917இல் மங்களூர் அரசுக் கல்லூரியில் கணித ஆசிரியராகப் பணியில் சேர்ந்தார். அதன்பின் கோயம்புத்தூரிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றினார். மாணவர்கள் தாமே நூல்களைத் தேடிப் படித்து, வகுப்பில் கலந்துரையாட வேண்டும் என்று அவர் விரும்பினார். பின்னாளில் அவர் செய்த பெரும்பணிக்கான விதை இவ்விருப்பத்திலேயே இருந்தது எனலாம்.

விரும்பாத பணி

அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்திற்கு முதல் நூலகர் ஒருவரை நியமிக்க முடிவு செய்தது. இரங்கநாதன் ஆசிரியப் பணியில் மனநிறைவு கொண்டிருந்தவர். எனினும் அவ்வூதியம் குடும்பத்தை நடத்தப் போதவில்லை. நண்பர்களின் தூண்டுதலால் நூலகர் பணிக்கு விண்ணப்பித்தார். 1924ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அப்பணியை ஏற்றார்.

பணி அவருக்குப் பிடிக்கவில்லை. நாள்தோறும் மாணவர்களின் குரலைக் கேட்டுப் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை தாங்க முடியாததாக இருந்தது. படிப்போர் வருகை மிகக் குறைவு. செய்வதற்கு வேலையும் இல்லை. சில நாள்களிலேயே அவர் மாநிலக் கல்லூரி முதல்வரிடம் சென்று, தம்மை மீண்டும் ஆசிரியராக ஏற்றுக்கொள்ளும்படி வேண்டினார். நூலகப் பயிற்சிக்காக இலண்டன் சென்று வருமாறும், திரும்பிய பின்னும் மனம் மாறாவிடில் ஆசிரியப் பணி தருவதாகவும் முதல்வர் கூறினார். அவ்வுறுதியை நம்பியே இரங்கநாதன் கப்பல் ஏறினார்.

இலண்டனில் கண்ட மாற்றம்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பெர்விக் சேயர்சு; குரோய்டன் நகர நூலகத்தின் தலைவர். பாடம் கேட்டதோடு நில்லாமல், இரங்கநாதன் இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று பார்த்தார். தொழிலாளரும் இல்லத்தரசியரும் சிறுவரும் நூலகங்களில் அமர்ந்து படிக்கும் காட்சி அவர் உள்ளத்தைத் தொட்டது. நூலகம் என்பது நூல்களைப் பூட்டி வைக்கும் அறையன்று; ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் கற்பிக்கும் பள்ளி என்பதை அவர் அங்கே உணர்ந்தார். ஆசிரியப் பணியைத் தாம் இழக்கவில்லை என்பதும், அதன் எல்லையே விரிந்திருக்கிறது என்பதும் அவருக்கு விளங்கின. 1925ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய அவர், கல்லூரி முதல்வர் தந்த உறுதியைப் பயன்படுத்திக் கொள்ளவே இல்லை.

சென்னைப் பல்கலைக்கழக நூலகம்

அந்நாளில் பல நூலகங்களில் நூல்கள் பூட்டிய அலமாரிகளில் இருந்தன. படிப்போர் நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். நூலின் பெயரே தெரியாதவர் யாது செய்வார்? இரங்கநாதன் இந்நிலையை மாற்றினார். படிப்போர் நூலடுக்குகளுக்கு இடையே தாமே சென்று, நூல்களைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வழி செய்தார். ஒரு பொருள் பற்றிய நூல்கள் அனைத்தும் அருகருகே இருக்குமாறு அடுக்கச் செய்தார்.

ஐயம் கேட்டு வருவோருக்கு உதவுவதற்கென்றே நூலகத்தில் தனிப் பணியாளரை அமர்த்தினார். வாயிலில் நூல்களை வழங்குவதோடு நூலகரின் கடமை முடிவதில்லை. படிப்பவரின் தேவையைக் கேட்டறிந்து, உரிய நூலையும் உரிய பக்கத்தையும் கண்டுபிடிக்கத் துணை நிற்பதும் அவர் கடமையே என்று பணியாளருக்குக் கற்பித்தார். நூலகத்திற்கு வர இயலாதோருக்குச் சிறு கட்டணத்தில் நூல்களை வீட்டிற்கே அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தார். படிப்போர் வசதிக்காக நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். அவரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடுமுறை எடுக்காமல், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேலாக உழைத்தார் என்பர். 1936இல் நூலகம் கடற்கரையை ஒட்டிய புதிய கட்டடத்திற்குக் குடிபுகுந்தது.

நூலகம் நன்கு நடைபெறப் பயிற்சி பெற்ற பணியாளர் தேவை. ஆதலால் 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாக, 1929இல் நூலகப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1931இல் பல்கலைக்கழகமே அப்பள்ளியை ஏற்று நடத்தலாயிற்று.

ஐந்து விதிகள்

நூலகப் பணிகள் பலவாயினும் அவற்றுக்கெல்லாம் அடிப்படையான கொள்கைகள் சிலவாகத்தான் இருக்க வேண்டும் என்று கணித அறிஞரான அவர் எண்ணினார். அவ்வாறு சிந்தித்துக் கண்ட ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார்.

நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை. காட்சிக்கு உரியவை அல்ல என்பது முதல் விதியின் கருத்து. படிக்க விரும்பும் ஒவ்வொருவருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைத்தாக வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பது மூன்றாவது. படிப்பவரின் நேரம் வீணாகக் கூடாது என்பது நான்காவது. நூலகம் உயிருள்ள பொருளைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது ஐந்தாவது.

இரண்டாம் விதியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஏழை, செல்வர் என்றோ, ஆண், பெண் என்றோ, நகரத்தார், சிற்றூரார் என்றோ அதில் வேறுபாடு இல்லை. பிறந்த ஊரை விட்டு வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் ஒரு சிறுவனுக்கும், அவனுடைய தாய்மொழி நூல் கிடைக்க வேண்டும் என்பதும் அவ்விதியுள் அடங்கும்.

முக்காற்புள்ளியும் பகுப்பு முறையும்

நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் இடுவதற்கு, அமெரிக்கரான மெல்வில் தூயி 1876இல் ஒரு முறையை வெளியிட்டிருந்தார். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். புதிய துறைகள் பெருகும்போது அவற்றுக்கு இடம் காண்பது கடினம். இக்குறையை எவ்வாறு நீக்குவது என்று இரங்கநாதன் சிந்தித்து வந்தார்.

இலண்டனில் ஒரு பெரிய அங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை அவர் கண்டார். சிறு உலோகப் பட்டைகளையும் சக்கரங்களையும் திருகாணிகளால் இணைத்து, அதே உறுப்புகளைக் கொண்டு வெவ்வேறு பொம்மைகளைச் செய்து காட்டினார் விற்பனையாளர். நூலின் பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைக்கலாம் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. தாயகம் திரும்பும் வழியில், கப்பலில் இருந்த நூல்களைக் கொண்டே அம்முறையை முயன்று பார்த்தார்.

எடுத்துக்காட்டாக, தஞ்சையில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் நெற்பயிரைத் தாக்கிய நோய் பற்றிய நூல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நெல், நோய், தஞ்சை, காலம் என அதன் பொருள் பல கூறுகளாகப் பிரியும். ஒவ்வொரு கூற்றுக்கும் உரிய குறியீட்டை எழுதி, இடையே முக்காற்புள்ளி முதலிய குறிகளை இட்டு இணைத்தால், அந்நூலுக்கு உரிய எண் கிடைத்துவிடும். முக்காற்புள்ளியை ஆங்கிலத்தில் கோலன் என்பர். ஆதலால் 1933இல் வெளிவந்த இம்முறை கோலன் பகுப்பு முறை எனப் பெயர் பெற்றது. இன்று இணைய அங்காடியில் நிறம், அளவு, விலை எனத் தனித்தனியே தேர்ந்து ஒரு பொருளைத் தேடுகிறோம் அல்லவா? அத்தேடலிலும் இக்கருத்தின் சாயல் உண்டு.

சிற்றூர்களை நோக்கி

பல்கலைக்கழக நூலகத்தைச் சீர்படுத்தியதோடு அவர் மனம் அமைதி அடையவில்லை. கல்லூரி வாயிலை மிதிக்காத மக்களுக்கு நூல்களைக் கொண்டு செல்வது யார்? 1931இல் மன்னார்குடியில் கனகசபை என்பவரின் முயற்சியால், மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்தோறும் வழங்கும் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. இரங்கநாதன் அதற்கு உறுதுணையாக நின்றார்.

நல்லோரின் நன்கொடையை மட்டும் நம்பி நூலகங்கள் நிலைத்திருக்க இயலாது. சட்டத்தின் துணை வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். 1930இல் காசியில் நடைபெற்ற கல்வி மாநாட்டில் நூலகச் சட்ட முன்மாதிரி ஒன்றை முன்வைத்தார். அம்முயற்சி கனியப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1948இல், அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே. நாம் வாழும் இம்மாநிலத்தில் 1965இல் பொது நூலகச் சட்டம் உருவானபோதும் அவருடைய பங்கு பெரிதாக இருந்தது.

ஊர் விட்டு ஊர்

1945இல் சென்னைப் பணியிலிருந்து விலகிய பின், இராதாகிருட்டிணன் அழைப்பை ஏற்றுக் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு வகைப்படுத்தப்படாமல் இருந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களைத் தாமே அமர்ந்து பகுத்துப் பட்டியலிட்டார். 1947 முதல் 1954 வரை தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் கற்பித்தார். பின்னர்ச் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலும், உச்சயினியிலும் வாழ்ந்தார். சென்ற ஊர்களில் மொழியும் உணவும் வேறுபட்டபோதும் அவர் தொண்டு தடைபடவில்லை.

இதனிடையே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்துவதற்காக, தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் உரூபாயை வழங்கினார். அப்பதவிக்குத் தம் பெயரைச் சூட்டாமல், மனைவியார் சாரதாவின் பெயரையும் இணைத்துச் சாரதா இரங்கநாதன் பேராசிரியர் பதவி எனப் பெயரிடச் செய்தார். எளிய உடையும் எளிய உணவுமே கொண்டு அவர் வாழ்ந்ததால்தான் அச்சேமிப்பு இயன்றது.

பெங்களூரில் இறுதிக் காலம்

எழுபது வயதை எட்டிய நிலையிலும் அவர் ஓய்வு கொள்ளவில்லை. 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவினார். ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைப்போருக்குப் புதிய செய்திகளை விரைவாகத் தேடித்தரும் நூலகர்களை அம்மையம் உருவாக்கியது. ஓர் இயந்திரத்தைச் செப்பனிட முனையும் பொறியாளருக்கு வேண்டிய செய்தி உரிய நேரத்தில் கிடைக்காவிடில் வேலை நின்றுபோகும் அல்லவா? படிப்பவரின் நேரத்தைக் காக்கும் நான்காம் விதி தொழிற்கூடத்திற்கும் பொருந்தும் என்பதை அம்மையம் மெய்ப்பித்தது.

இந்திய அரசு அவருக்கு 1957இல் பத்மசிறீ விருதும், 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் சிறப்பும் வழங்கியது. 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் இரங்கநாதன் பெங்களூரில் காலமானார். ஆண்டுதோறும் ஆகஸ்டு 12ஆம் நாள் அவர் நினைவாக நாடெங்கும் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

விருப்பமின்றி ஏற்ற பணியை, அதன் பயனை உணர்ந்தபின் அவர் உயிரெனப் போற்றினார். நமக்கு வேண்டிய நூல் நூலகத்தில் இல்லையெனில் அதனைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை; நூலகரிடம் தயங்காமல் கேளுங்கள். தமிழ் நூல்களைக் கேட்போர் இருந்தால்தான் அவை அடுக்கில் இடம்பெறும்.

சொற்பொருள்

அரவணைப்பு – ஆதரவு
உறுதுணை – பெருந்துணை
கனிதல் – பயன் தரும் நிலையை அடைதல்
கூறு – பகுதி
மெய்ப்பித்தல் – உண்மை என நிறுவுதல்

வினாக்களுக்கு விடை எழுதுக

1. இரங்கநாதன் நூலகர் பணியிலிருந்து விலக எண்ணியதன் காரணம் யாது?
2. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அவர் செய்த மாற்றங்களுள் மூன்றனை எழுதுக.
3. மெக்கானோ விளையாட்டுப் பொருள் அவருக்கு எவ்வெண்ணத்தைத் தந்தது?
4. நூலகங்களுக்குச் சட்டத்தின் துணை வேண்டும் என அவர் எண்ணியது ஏன்?

செய்து பார்

உன் பள்ளி நூலகத்தில் உள்ள தமிழ் நூல்கள் ஐந்தின் பெயர்களை எழுது. அங்கு இல்லாத, நீ படிக்க விரும்பும் தமிழ் நூல் ஒன்றை வாங்கித் தருமாறு வேண்டி, நூலகருக்கு விண்ணப்பம் எழுதுக.