செபமாலை அணிந்த பிச்சைக்காரர்

1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றியபின் குருக்கள் விரட்டப்பட்டனர். மாந்தை அன்னையின் திருவுருவம் மடுக் காட்டில் அடைக்கலம் புகுந்தது. திருப்பலி காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது.

1651இல் கோவாவில் பிறந்த யோசப் வாஸ் அடிகளார், 1687இல் கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது நோயுற்றிருந்தார். கத்தோலிக்கர் யார், காட்டிக்கொடுப்பவர் யார்? அறிய வழியில்லை. கழுத்தில் செபமாலையை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு கலங்கும் கண்களைத் தேடினார். அந்த மாலையே அவரைச் சிறைக்கும் அனுப்பியிருக்கலாம். உங்கள் வாசலில் அவர் நின்றிருந்தால், துணிந்து கதவைத் திறந்திருப்பீர்களா? சிலர் திறந்தனர். இரவில், மறைவில், மீண்டும் திருப்பலி நடந்தது.

பின்னர் கண்டியில் வேவுகாரர் எனச் சிறையுண்டார். அங்கேயே 1711 ஜனவரி 16இல் மரித்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்றே மடு அன்னையிடமும் வந்து செபித்தார்.