ஹென்றி டார்சி

ஹென்றி டார்சி (ஜூன் 10, 1803 – ஜனவரி 3, 1858) பிரான்சு நாட்டைச் சேர்ந்த பொறியியலாளர் ஆவார். நுண்துளைப் பொருட்களின் ஊடாக நீர் செல்லும் வீதத்தைக் கணிக்க உதவும் டார்சி விதியை 1856 இல் வெளியிட்டார். நிலத்தடி நீரியலுக்கும், கட்டிடப் பொருட்களில் நீர் ஊடுருவுவதை அளக்கும் முறைகளுக்கும் இவ்விதி அடிப்படையாக உள்ளது.

வாழ்க்கை

டார்சி டிஜோன் நகரில் பிறந்தார். 14 வயதில் தந்தையை இழந்தார். பாரிசில் பொறியியல் பயின்றபின் அரசுப் பணியில் சேர்ந்து சொந்த ஊருக்குத் திரும்பினார். அக்காலத்தில் டிஜோன் மக்கள் மாசடைந்த கிணற்று நீரையே பெரிதும் நம்பியிருந்தனர். டார்சி சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரோசுவார் ஊற்றிலிருந்து மூடிய கால்வாய் அமைத்து, 1840 இல் நகருக்கு நீரைக் கொண்டுவந்தார். நீரேற்று இயந்திரம் எதுவுமின்றி, நில மட்டச் சரிவினாலேயே நீர் வந்தடைந்தது. இப்பணிக்கு உரிய ஊதியத்தை அவர் ஏற்கவில்லை. 1848 புரட்சிக்குப் பின், அரசியல் காரணங்களால் டிஜோனிலிருந்து மாற்றப்பட்டார்.

மணல் சோதனை

நகர நீரை வடிகட்ட எவ்வளவு பரப்புள்ள மணல் படுகை தேவை என்பதைக் கணிக்க அன்று நம்பகமான முறை இருக்கவில்லை. உடல்நலம் குன்றிய நிலையில் டிஜோன் திரும்பிய டார்சி, 1855 அக்டோபர் இறுதியில் அங்குள்ள மருத்துவமனையில் சோதனைகளைத் தொடங்கினார். 0.35 மீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாயில் சோன் ஆற்று மணலை நிரப்பி, குழாய்வழி நீரைச் செலுத்தி, வெளிவந்த நீரின் அளவையும் இரு முனைகளின் அழுத்தத்தையும் பதிவு செய்தார். நீர் பாயும் வீதம், அழுத்த உயர வேறுபாட்டிற்கும் குறுக்குவெட்டுப் பரப்பிற்கும் நேர் விகிதத்திலும், மணலின் நீளத்திற்கு எதிர் விகிதத்திலும் இருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டு டிஜோன் நகர நீர் வழங்கல் பற்றிய தமது நூலின் பின்னிணைப்பில் இதை வெளியிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குள் பாரிசில் காலமானார்.

கட்டிடப் பொருட்களில்

கான்கிரீட்டின் நீர் ஊடுருவுமையைச் சோதிக்கும் ஐ.எஸ். 3085 (1965) என்னும் இந்தியத் தரமும் டார்சி விதியின் அடிப்படையிலேயே ஊடுருவுமைக் கெழுவைக் கணிக்கிறது. எனினும், துளைகள் முழுவதும் நீரால் நிரம்பியிருக்கும்போது மட்டுமே இவ்விதி அதன் மூல வடிவில் பொருந்தும். பாதி ஈரமான சுவரில் நுண்புழை ஈர்ப்பே நீரை நகர்த்துகிறது. ஈரம் குறையக் குறைய நீர் கடத்தும் திறனும் குறையும் என்பதை 1907 இல் அமெரிக்க இயற்பியலாளர் எட்கர் பக்கிங்காம் விளக்கி, விதியை விரிவாக்கினார்.

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் இதன் விளைவை நேரில் காணலாம். 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கருங்கல் கடினமானதாயினும், உப்புக் காற்றின் ஈரம் அதன் நுண்துளைகளில் புகுகிறது. நீர் ஆவியானபின் உப்பு படிகமாகிக் கல்லின் மேற்பரப்பை உதிர்க்கிறது. இதைத் தடுக்க, நீரில் ஊறிய காகிதக் கூழைச் சிற்பங்களின் மீது பூசுவர். கூழின் நீர் கல்லுள் புகுந்து உப்பைக் கரைக்கும். கூழ் உலரும்போது அவ்வுப்பு வெளியே இழுக்கப்படும்.

நினைவு

பாறைகளின் ஊடுருவுமையை அளக்கும் அலகு டார்சி எனப்படுகிறது. அவர் கொணர்ந்த நீர் வந்துசேர்ந்த நீர்த்தேக்கம் உள்ள டிஜோன் சதுக்கமும் அவர் பெயரைத் தாங்குகிறது.