ஹெமி இன்ஜினைத் தாங்கிய ஆக்சில்: யார் இந்த கிளாரன்ஸ் ஸ்பைசர்?

1966. அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத், டாட்ஜ் கார்களில் 7 லிட்டர் 'ஹெமி' இன்ஜினைப் போட்டு பொதுமக்களுக்கு விற்க ஆரம்பிக்கிறது. நிறுவனம் அறிவித்த சக்தி 425 குதிரைத்திறன். ரேஸ் டிராக்கில் ஓடவேண்டிய இன்ஜின், காய்கறி வாங்கப் போகிற காரில்!

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் கேட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு கிறைஸ்லர் தன்னுடைய வழக்கமான பின் ஆக்சிலையே கொடுத்தது. 4 ஸ்பீடு மேனுவல் கியர் கேட்டவர்களுக்கு, வெளியிலிருந்து வாங்கிய பெரிய, கனமான ஆக்சில். இன்ஜின் ஒன்றுதான். அப்புறம் ஏன் இரண்டு ஆக்சில்?

அந்தப் பெரிய ஆக்சிலின் பெயர் 'டானா 60'. அதைத் தயாரித்த கம்பெனியைத் தொடங்கியவர் அப்போது இறந்து 27 வருஷம் ஆகியிருந்தது. கம்பெனியின் பெயரிலும் அவர் இல்லை. அவர்தான் கிளாரன்ஸ் ஸ்பைசர்.

செயினை வெறுத்த மாணவர்

1875-ல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர் ஸ்பைசர். அப்பாவுக்குப் பால் பதப்படுத்தும் தொழில். அங்கே இருந்த இயந்திரங்களைப் பழுது பார்த்துத்தான் கைப்பழக்கம் வந்தது. பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சேர்ந்தார்.

1900-களின் தொடக்கத்தில் பல கார்கள் சைக்கிள் மாதிரி செயினில்தான் ஓடின. செயின் சத்தம் போடும், மண் பிடிக்கும், நீளும், அறுந்தும் போகும். படிக்கும்போதே சொந்தமாக ஒரு காரை வடிவமைத்த ஸ்பைசர், செயினைத் தூக்கிவிட்டு ஒரு சுழலும் இரும்புத் தண்டு மூலம் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோக நினைத்தார்.

சிக்கல் என்னவென்றால், இன்ஜின் சட்டத்தோடு நிலையாக இருக்கிறது. பின் ஆக்சிலோ ஸ்பிரிங்கில் மேலும் கீழும் ஆடுகிறது. நடுவில் இருக்கும் தண்டு சுழலவும் வேண்டும், அதே நேரம் வளைந்தும் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் சிலுவை வடிவ 'யுனிவர்சல் ஜாயிண்ட்'. நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் 'கிராஸ்' என்று சொல்வார்களே, அதேதான்.

இந்த ஜாயிண்ட்டை ஸ்பைசர் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலியின் கார்டானோ, இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் ஆகியோரின் பெயர்கள் பல நூற்றாண்டுகளாகவே அதோடு சேர்ந்து வருகின்றன. ஆனால் காரின் அடியில், தூசியிலும் சேற்றிலும் அது சீக்கிரம் தேய்ந்துபோகும். ஸ்பைசர் அதற்கு ஒரு உறை போட்டார். கிரீஸ் உள்ளே நிற்கும், மண் வெளியே நிற்கும். கேட்க சின்ன விஷயம். ஆனால் ஆய்வுக்கூடத்துப் பொருளை அன்றாடம் ஓடும் பொருளாக மாற்றியது அந்த உறைதான். 1903-ல் காப்புரிமை கிடைத்தது.

கார் கம்பெனிகள் விசாரிக்க ஆரம்பித்தன. 1904-ல் நியூ ஜெர்சியின் பிளெயின்ஃபீல்டில், ஒரு அச்சு இயந்திரத் தொழிற்சாலையில் கொஞ்சம் இடம் பிடித்து உற்பத்தியைத் தொடங்கினார்.

பெயர் போனது, வேலை நின்றது

ஆர்டர் குவிந்தாலும் பணம் தட்டுப்பாடு. 1914-ல் சார்லஸ் டானா என்ற வழக்கறிஞர் பணத்தோடு உள்ளே வந்தார். சீக்கிரமே நிர்வாகம் அவர் கைக்குப் போனது. ஸ்பைசர் தொழில்நுட்பப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்.

1919-ல் கம்பெனி சாலிஸ்பரி என்ற ஆக்சில் நிறுவனத்தை வாங்கியது. அதுவரை சக்தியைப் பின் ஆக்சில்வரை கொண்டுபோய் விட்டவர்கள், இப்போது ஆக்சிலையும் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். 1920-களின் கடைசியில் கார் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்க ஓஹையோவின் டொலீடோ நகரத்துக்கு மாறினார்கள். 1939-ல் ஸ்பைசர் இறந்தார். 1946-ல் கம்பெனி 'டானா கார்ப்பரேஷன்' ஆனது. ஸ்பைசர் என்ற பெயர் பொருள்களின் மேல் மட்டும் நின்றது.

அவர் பார்க்காத போட்டி

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் டிராக் ரேஸ் சூடு பிடித்தது. 1951-ல் அதற்கென்றே என்.எச்.ஆர்.ஏ. என்ற அமைப்பு உருவானது. விதி எளிது: நின்ற இடத்திலிருந்து கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர். யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்கே வெற்றி.

இதில் காருக்கு ரொம்பக் கஷ்டமான நேரம் முதல் ஒரு நொடிதான். ஏன் என்று ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஹெமியின் அதிகபட்ச டார்க், அதாவது முறுக்கு விசை, சுமார் 660 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை சுமார் 2.65 மடங்காக்கும். பின் ஆக்சிலில் உள்ள கிரவுன் வீலும் பினியனும் மறுபடி 3.54 மடங்காக்கும். கடைசியில் ஆக்சிலுக்கு வருவது 6,000 நியூட்டன் மீட்டருக்கும் மேல்!

சாதாரண டயர் இவ்வளவையும் ரோட்டுக்குக் கொடுக்காது. பின் சக்கரங்கள் மேல் 1,000 கிலோ எடை இருந்தாலும், சுமார் 3,000 நியூட்டன் மீட்டரிலேயே டயர் வழுக்கிச் சுழல ஆரம்பித்துவிடும். புகை வரும், சத்தம் வரும், ஆனால் ஆக்சில் தப்பிக்கும். வீட்டு மின்சாரத்துக்கு ஃப்யூஸ் எப்படியோ, ஆக்சிலுக்கு டயர் அப்படி.

ரேஸ் ஓட்டுபவர் முதலில் மாற்றுவது அந்த ஃப்யூஸைத்தான். 'ஸ்லிக்' எனப்படும் அகலமான, மெத்தென்ற ரேஸ் டயர் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். இப்போது வழுக்க வழியில்லை. எது பலவீனமோ அது உடையும்.

அந்த இரண்டு ஆக்சில் ரகசியம்

இப்போது தொடக்கத்துக் கேள்விக்கு வருவோம். ஆட்டோமேட்டிக் கியரில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதில் சக்தி எண்ணெய் வழியாகப் போவதால் முதல் அடி மெத்தென்று விழும்.

மேனுவலில் அந்த மெத்தை கிடையாது. ஓட்டுநர் இன்ஜினை முறுக்கி வைத்துக்கொண்டு கிளட்ச்சை சட்டென்று விடுவார். இன்ஜினின் டார்க் மட்டுமல்ல, சுழன்றுகொண்டிருக்கும் கனமான ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றலும் ஒரே கணத்தில் ஆக்சில் மேல் இறங்கும். கையால் அழுத்துவதற்கும் சுத்தியலால் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

அதனால்தான் 4 ஸ்பீடு ஹெமிக்கு டானா 60. கிறைஸ்லரின் வழக்கமான ஆக்சிலில் கிரவுன் வீல் விட்டம் 8.75 இன்ச். டானா 60-ல் 9.75 இன்ச். ஒரு இன்ச்தானே என்று தோன்றலாம். வீல் பெரிதானால் அதே டார்க்குக்குப் பல் மேல் வரும் விசை குறையும், பல்லையும் தடிமனாக வைக்கலாம்.

தண்டிலும் இதே கதைதான். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். டானா 60-ன் ஆக்சில் தண்டு நுனியில் 35 பல், விட்டம் சுமார் 1.5 இன்ச். புகழ்பெற்ற ஃபோர்டு 9 இன்ச் ஆக்சிலின் 31 பல் தண்டு சுமார் 1.3 இன்ச். ஒரே வகை எஃகு என்றால், அந்தச் சின்ன வித்தியாசத்துக்கே பலம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

அப்படியானால் எல்லா காருக்கும் டானா 60 போட வேண்டியதுதானே? அதற்கு விலை உண்டு. எடை அதிகம், சுழற்றவே கொஞ்சம் சக்தி செலவாகும். தேவையில்லாத காருக்கு அது சுமை.

உடைந்தால் என்ன ஆகும்?

இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல, உயிர் சம்பந்தப்பட்டதும்கூட. அந்தக் காலத்து செவர்லே மசில் கார்களில் இருந்த '12 போல்ட்' ஆக்சிலில், தண்டைப் பிடித்து வைத்திருப்பது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சி வடிவ கிளிப். தண்டு நடுவில் முறிந்தால் அதைப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. தண்டோடு சேர்ந்து சக்கரமே வெளியே வந்துவிடலாம், அதுவும் 150 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில்.

இதனால்தான் கால் மைலை 10.99 நொடியிலோ அதற்குக் குறைவாகவோ கடக்கும் கார்களுக்கு, பலமான மாற்று ஆக்சில் தண்டும் அது கழன்று வராமல் தடுக்கும் பிடிமானமும் கட்டாயம் என்கிறது என்.எச்.ஆர்.ஏ. பழைய கார் வாங்கி இன்ஜினை மட்டும் பெரிதாக்குபவர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான்.

ஆக்சிலைப் பலப்படுத்தினால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, இடம் மாறும். அடுத்து புரொப்பல்லர் தண்டின் கிராஸ் உடையும். அதையும் மாற்றினால் கியர்பாக்ஸ். 1903-ல் ஸ்பைசர் பார்த்ததும் இதே சங்கிலியின் முதல் பலவீனமான கண்ணியைத்தான்.

அடுத்த முறை சிக்னலில் முன்னால் நிற்கும் லாரியின் அடியில் பாருங்கள். நீளமான தண்டின் முனையில் ஒரு சின்ன சிலுவை தெரியும். இன்ஜினின் முழு பலமும் அந்த உள்ளங்கை அளவு இரும்பின் வழியாகத்தான் பின் சக்கரத்துக்குப் போகிறது. பார்னெட்டில் எழுதிய குதிரைத்திறன் எவ்வளவாக இருந்தாலும், கடைசியில் வண்டியை நகர்த்துவது அந்தச் சிலுவையும் அதன் பின்னால் இருக்கும் ஆக்சிலும் தாங்குகிற அளவுதான்.