இசைஞர் ஷூமானின் வலக்கை



தச்சனுடைய உளி மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். உழவனுடைய கொழு தேய்ந்தால் வேறு கொழு மாட்டிக்கொள்ளலாம். ஆனால் வாத்தியம் வாசிப்பவனுக்கு விரல்களே கருவி. அவை மரத்துப்போனால், இழுத்துப் பிடித்துக்கொண்டால், சொன்ன சொல் கேளாமல் மடங்கிக்கொண்டால், அவன் எந்தக் கடையில் போய் வேறு விரல் வாங்குவான்? இந்தச் சோதனைக்கு ஆளான ஒருவருடைய சரித்திரத்தை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கையில் நோவு கண்டும் அதை வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உழைக்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அவர்கள் சற்று ஊன்றிப் படிக்கவேண்டும்.

ராபர்ட் ஷூமான் 1810-ம் வருஷம் ஜூன் 8-ந் தேதி ஜெர்மனியின் சாக்ஸனி நாட்டில் சுவிக்காவ் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் புத்தக வியாபாரி; புத்தகங்களைப் பதிப்பித்து வெளியிட்டவர். ஆகவே மகன் புத்தகங்களுக்கு மத்தியிலும் பியானோவுக்கு அருகிலும் வளர்ந்தார். 1825-ல் அவருடைய சகோதரி எமிலியா இறந்தாள். மறு வருஷமே தகப்பனாரும் காலமானார். விதவையான தாயார், சங்கீதம் சோறு போடாது என்று அஞ்சி, பிள்ளையைச் சட்டம் படிக்க அனுப்பினாள். பிள்ளை 1828-ல் லைப்ஸிக் நகரத்துக்கும், 1829-ல் ஹைடெல்பர்க் நகரத்துக்கும் போனார். ஆனால் சட்டப் புத்தகங்களைவிடப் பியானோவின் முன்புதான் அவருடைய பொழுது அதிகம் கழிந்தது.

1830-ம் வருஷம் பாஸ்கு நாட்களில் அவர் பிராங்பர்ட் நகரில் பாகானீனி என்னும் வயலின் வித்துவானின் வாசிப்பைக் கேட்டார். மனிதக் கை இப்படியும் ஓடுமா என்று ஐரோப்பா முழுவதும் வியந்த கை அது. அதன்பின் சட்டப் படிப்பில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. தம் தாயாருக்குக் கடிதம் எழுதி, லைப்ஸிக்கில் பேர்போன பியானோ ஆசிரியரான பிரெடெரிக் வீக் என்பவரையே தம் வழக்கில் நடுவராக வைத்துக் கேட்டுவிடும்படி வேண்டிக்கொண்டார். தாயாரும் கேட்டாள். பையன் ஒழுங்காக உழைத்தால் மூன்றே வருஷத்தில் தலைசிறந்த பியானோ வித்துவான்களில் ஒருவனாக ஆக்கிக் காட்டுவதாக வீக் பதில் எழுதினார். அவ்வருஷம் அக்டோபரில் ஷூமான் ஆசிரியர் வீட்டிலேயே வந்து தங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபது. வீக்கின் மகள் கிளாராவுக்கோ பதினொன்று. அந்தச் சிறுமி அப்பொழுதே மேடையில் வாசித்துப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று வருஷம் என்ற கெடு அந்த வாலிபனின் மனத்தில் ஆணிபோல் இறங்கிவிட்டது. இளம் பிராயத்திலேயே முறையாகப் பழகியிருக்கவேண்டியதை இருபது வயதுக்குமேல் ஓட்டமாய் ஓடிப் பிடிக்கவேண்டும்! மணிக்கணக்காய் ஒரே விரற்பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்தார். ஆனால் வலக்கை நடுவிரல் அவருக்குக் கீழ்ப்படியவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விரலை இழுத்துக் கட்டும் ஏதோ ஒரு கருவியினால்தான் ஷூமான் கையைக் கெடுத்துக்கொண்டார் என்று நெடுங்காலமாக எல்லாரும் சொல்லிவந்தார்கள். கருவி ஒன்று இருந்தது மெய்தான். தமது குறிப்புகளில் அதைச் சுருட்டு இயந்திரம் என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் வீக்கின் வீட்டுக்கு வருமுன்னரே, ஹைடெல்பர்கில் இருந்தபோது, 1830 ஜனவரி மாதத்துத் தினக்குறிப்பில் விரல் மரத்திருப்பதாக எழுதியிருக்கிறார். ஆகவே நோய் முந்தியது. தளர்ந்த விரலைப் பலவந்தமாய்ப் பலப்படுத்தவே கருவியைத் தேடியிருக்கிறார் என்று எண்ண இடமிருக்கிறது. களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்தி ஓட்டினால் அது எழுந்தா ஓடும்? படுத்துவிடும். 1832 மே மாதத்தில் நடுவிரல் திருந்தாது என்று குறித்தார். ஜூன் மாதத்தில் அது முழுவதும் விறைத்துவிட்டது என்று குறித்தார்.

பிறகு வைத்தியங்கள் தொடங்கின. அன்றே வெட்டப்பட்ட மிருகத்தின் சூடான குடல்களுக்குள் கையைப் புதைத்துவைப்பது ஒரு சிகிச்சை. பகலெல்லாம் வெதுவெதுப்பான சாராயத் தண்ணீரில் கையை ஊறவைத்து, இரவில் மூலிகைக் கட்டுப் போடுவது மற்றொன்று. மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். பத்தியத்தோடு ஹோமியோபதி மருந்து கொடுத்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. 1832 நவம்பரில் தாயாருக்கு எழுதிய கடிதத்தில், இது தீராத நோய் என்று தாம் ஒப்புக்கொண்டுவிட்டதாகத் தெரிவித்தார். அதே கடிதத்தில், தந்திகளை அழுத்த இடக்கை விரல்கள் போதுமாகையால் செல்லோ என்னும் பெரிய தந்தி வாத்தியத்தை மீண்டும் எடுக்கப்போவதாகவும், பெரிய இசைக்குழுவுக்குச் சங்கீதம் இயற்ற அது உதவுமென்றும் எழுதினார். அழுத கண்ணீர் காயுமுன்னரே வேறு வேலையை நினைத்த அந்த மனத்தைப் பாருங்கள்! அப்பொழுது அவருக்கு இருபத்திரண்டு வயது.

அந்த நோய்தான் என்ன? பாதரசம் கலந்த மருந்து உண்டதால் வந்த கெடுதி என்று சிலர் எழுதியதுண்டு. ஆனால் இக்காலத்தில் வாத்தியக்காரரின் கைநோய்களை ஆராய்ந்த மருத்துவர்கள் பலர், இது தசையில் தோன்றும் நோயைவிட மூளையில் தோன்றும் நோயாயிருக்கலாம் என்று கருதுகிறார்கள். டிஸ்டோனியா என்பது அதன் பெயர். ஒவ்வொரு விரலையும் தனித்தனியே ஆட்டுவதற்கு மூளையில் தனித்தனி இடம் உண்டு. ஒரே நுட்பமான அசைவை அளவுக்குமிஞ்சித் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களில் சிலருக்கு அந்த எல்லைகள் கலைந்துபோகின்றன. ஒரு விரலை நீட்டச் சொன்னால் அடுத்த விரல் மடங்குகிறது. அல்லது சொன்ன விரலே சுருண்டுகொள்கிறது. பெரும்பாலும் வலி இராது. அதே கை எழுதும், பொத்தான் மாட்டும், வாத்தியத்தில் வைத்தவுடனே மட்டும் முரண்டு பிடிக்கும். தொழிலாக வாசிக்கிறவர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இது வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். எல்லாம் பிழையறச் செய்யவேண்டும் என்று தம்மைத் தாமே வதைத்துக்கொள்கிறவர்களுக்கு இது வர அதிக ஏது உண்டு என்கிறார்கள். இன்று தசையைத் தளர்த்தும் ஊசியும், விரல்களை அடியிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பழக்கும் முறையும் உண்டு. சிலருக்குக் கை திரும்புகிறது, எல்லாருக்கும் அல்ல. ஆனால் பலவந்தத்தினால் குணமடைந்தவர் எவரும் இல்லை.

ஷூமானின் கதைக்குத் திரும்புவோம். 1833-ல் அண்ணன் ஒருவரும், அவர் மிகவும் நேசித்த அண்ணி ஒருத்தியும் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர் மனம் ஒடிந்துபோனார். ஆனாலும் 1834-ல் சில நண்பர்களோடு சேர்ந்து லைப்ஸிக்கில் புதிய சங்கீதப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். வாசிக்க முடியாத கை எழுதத் தொடங்கிற்று. பிறருடைய நல்ல இசையைத் தேடிப் பிடித்து உலகத்துக்குச் சொல்வதைத் தம் கடமையாக எண்ணிப் பத்து வருஷம் அப்பத்திரிகையை நடத்தினார். அந்த வருஷங்களிலேயே கார்னவால், பிள்ளைப் பருவக் காட்சிகள் முதலிய பியானோ இசைகளையும் இயற்றினார். தாம் மேடையில் வாசிக்க முடியாதவற்றைப் பிறருடைய விரல்களுக்காக எழுதினார்.

துக்கம் தீர்ந்துவிட்டது என்று நினையாதீர்கள். 1838-ல் வியன்னாவில் இருந்தபோது, கை முடங்கிப்போனதைப்பற்றிக் கிளாராவுக்கு மனமுருகி எழுதினார். உள்ளே பொங்குகிற சங்கீதத்தை மூச்சு விடுவதுபோல் எளிதாக வெளியிட முடியாத வேதனை அது. ஆனால் இனி அவளே தம்முடைய வலக்கை என்றும் அறிந்துகொண்டார். வீக் இந்தச் சம்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்தார். கடைசியில் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, 1840-ம் வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி, கிளாராவின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு முந்திய தினம், லைப்ஸிக்கை அடுத்த ஷோனபெல்ட் கோவிலில் இருவருக்கும் விவாகம் நடந்தது. அந்த ஒரே வருஷத்தில் அவர் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளுக்கு இசையமைத்தார். மறு வருஷம் மார்ச்சு 31-ந் தேதி அவருடைய முதல் ஸிம்பனியை மெண்டல்ஸோன் லைப்ஸிக்கில் நடத்திவைத்தார். அதே 1841-ல்தான், நகரக் காவற்படையில் ஆயுதம் பிடிப்பதிலிருந்து அவருக்கு விலக்கு வேண்டி, வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பலமற்றவை என்று ஒரு மருத்துவர் சான்று எழுதினார். துப்பாக்கி பிடிக்கவும் உதவாத கைதான் அந்த ஸிம்பனியை எழுதியது. 1845 டிசம்பரில் அவருடைய பியானோ கச்சேரியைக் கிளாரா டிரெஸ்டன் நகரில் முதன்முதல் வாசித்தார்.

1848-ல் தம் மூத்த மகள் மரியாளின் ஏழாவது பிறந்தநாளுக்காக எளிய பியானோத் துண்டுகள் எழுதத் தொடங்கினார்; அவை பெருகிச் சிறுவர்களுக்கான 43 துண்டுகளாயின. சங்கீதம் பயிலும் பிள்ளைகளுக்குப் புத்திமதிகளும் எழுதினார். அவற்றில் ஒன்றைக் கவனியுங்கள். சுரவரிசைகளைக் கருத்தாய்ப் பழகவேண்டியதே. ஆனால் நாள்தோறும் மணிக்கணக்காய் வெறும் விரற்பயிற்சி செய்வதாலேயே எல்லாம் கைகூடும் என்று எண்ணுகிறவன், அரிச்சுவடியை நாளுக்கு நாள் வேகமாய் ஒப்பித்துக்கொண்டிருப்பவனுக்குச் சமானம் என்று கற்பித்தார். தம் கதையை அவர் அங்கே சொல்லவில்லை. சொல்லாமலே அது விளங்குகிறதல்லவா? தாம் விழுந்த குழியை மூடிவிட்டுப் போவதும் ஒரு பிறர்சிநேகமே.

1850-ல் டுசல்டார்ப் நகரின் இசைத் தலைவராக அவர் அமர்ந்தார். லுத்தர் சபையில் பிறந்தவராயினும், அந்நகரின் கத்தோலிக்குக் கோவில்களில் பெருநாட்களில் சங்கீதம் நடத்துவதும் அவர் உத்தியோகத்தில் சேர்ந்திருந்தது. ரைன் நதிக்கரையில், அப்பொழுது இன்னும் கட்டிமுடியாதிருந்த கொலோன் மேற்றிராசனக் கோவில் அவர் மனத்தைக் கவர்ந்தது. அவருடைய மூன்றாவது ஸிம்பனியின் நான்காம் பாகத்தில் அந்தக் கோவிலின் கம்பீரம் ஒலிக்கிறது என்பார்கள். 1852-ல் பாடற்பூசை ஒன்றும் மரித்தோர் பூசை ஒன்றும் இயற்றினார். இரண்டும் அவர் மரணத்துக்குப் பின்னரே அச்சேறின.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். மனநோய் அவரைப் பற்றிக்கொண்டது. இல்லாத ஓசைகள் இரவும் பகலும் காதில் கேட்டன. 1854 பிப்ரவரி 27-ந் தேதி ரைன் நதியில் விழுந்தார், படகுக்காரர் காப்பாற்றினார்கள். நோயின் செயலுக்கு நோயாளியைக் குற்றவாளியாக்குவது நீதியன்று. தம்மால் வீட்டாருக்குத் தீங்கு நேரக்கூடாது என்று தாமே கேட்டுக்கொண்டு, பான் நகருக்கு அருகே எண்டெனிக்கில் இருந்த மனநோய் மருத்துவ விடுதிக்குப் போனார். வைத்தியர்கள் கிளாராவை இரண்டு வருஷத்துக்கு மேல் பார்க்கவிடவில்லை. 1856 ஜூலை 27-ந் தேதிதான் அவர் கணவரைக் கண்டார். இரண்டு நாள் கழித்து, ஜூலை 29-ந் தேதி, நாற்பத்தாறாம் வயதில் ஷூமான் இறந்தார்.

எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற கிளாரா, விதவையாகக் குடும்பத்தைத் தம் விரல்களாலேயே காப்பாற்றினார். அவருக்கும் 1870-களில் வலக்கையில் கடும் வலி கண்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஓராண்டுக்கு மேல் மேடை ஏறவில்லை. கீல் நகரத்து மருத்துவரிடம் சிகிச்சை பெற்று 1875-ல் மீண்டும் வாசித்தார். 1891 வரையில் சபையில் வாசித்து, 1896-ல் கண்ணை மூடினார். கணவருக்கு வந்ததும் மனைவிக்கு வந்ததும் ஒரே நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் கையோடு போராடினார். மற்றவர் கைக்கு ஓய்வு கொடுத்தார்.

அன்பார்ந்தவர்களே, கை தளர்ந்தால் அது சோம்பல் அல்ல. மனவுறுதி இல்லாமையும் அல்ல. உங்கள் பிள்ளை பியானோவோ வயலினோ பழகுகையில் விரல் இழுக்கிறது, மரக்கிறது என்று சொன்னால், இன்னும் ஒரு மணி நேரம் வாசி என்று விரட்டாதேயுங்கள். வாத்தியத்தை மூடி வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவிட்டு, தோளையும் மணிக்கட்டையும் இறுக்காமல் பழகச் சொல்லுங்கள். தொல்லை நீடித்தால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். விரலைக் கட்டுகிற, இழுக்கிற உபாயம் எதையும் நீங்களாகச் செய்யவேண்டாம்.

கை திரும்பாமலே போய்விட்டவர்களுக்கு என்ன சொல்வது? கை போனதால்தான் ஷூமான் பெரியவரானார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது போனதற்காக அவர் கடைசிவரையில் வருந்தினார். வருந்திக்கொண்டே எழுதினார். நம்மால் முடியாமற்போனதற்காக அழுவதில் குற்றமில்லை. ஆனால் முடிந்ததை அதற்காக விட்டுவிடக்கூடாது. அவர் வாசிக்க முடியாமல் எழுதிவைத்ததை இன்று எத்தனையோ தேசத்துப் பிள்ளைகளின் விரல்கள் வாசித்துக்கொண்டிருக்கின்றன.