கலீன் மூர்: எஞ்சியது பத்து நிமிடம்

நெற்றியின் குறுக்கே நேராக வெட்டிய முன்முடி, காதளவில் நின்றுவிடும் குட்டைக் கூந்தல், முழங்காலை எட்டும் கவுன், கண்களில் குறும்பு. 1920-களின் அமெரிக்க இளம்பெண்ணை ஓவியர்கள் இன்றும் இப்படித்தான் வரைகிறார்கள். பழைய கட்டுப்பாடுகளைப் பொருட்படுத்தாத இந்தப் புதுயுகப் பெண்ணை அன்று 'ஃபிளாப்பர்' என்று அழைத்தனர். அவளுடைய தோற்றத்தைத் திரையின் வழியே நாடெங்கும் கொண்டு சேர்த்தவர் நடிகை கலீன் மூர்.

அவரை உச்சத்துக்கு உயர்த்திய படம் 1923-இல் வெளிவந்த 'ஃபிளேமிங் யூத்'. கொழுந்துவிட்டெரியும் இளமை என்று பொருள்படும் அந்த மௌனப் படத்தை இன்று யாராலும் முழுமையாகப் பார்க்க இயலாது. ஏறத்தாழ பத்து நிமிடம் ஓடும் ஒரேயொரு சுருள் மட்டும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் எஞ்சியிருக்கிறது.

மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹூரன் நகரில் 1899 ஆகஸ்ட் 19 அன்று கலீன் மூர் பிறந்தார். இயற்பெயர் கேத்லீன் மாரிசன். பின்னாளில் தம் பிறந்த ஆண்டு 1902 என்று சொல்லிக்கொண்டார். இளமையை விற்கும் தொழிலில் மூன்று ஆண்டுகளும் முதலீடுதான். சிறுவயது முதலே திரை நட்சத்திரமாக வேண்டும் என்பது அவருடைய கனவு.

அந்தக் கனவுக்கு வழி திறந்தவர் அவருடைய உறவினர் வால்டர் ஹோவி. சிகாகோவின் செல்வாக்கு மிக்க நாளிதழ் ஆசிரியரான ஹோவி, இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித்தின் படம் அந்நகரத் தணிக்கைக் குழுவைத் தாண்ட உதவியிருந்தார். அந்த நன்றிக்கடனாகக் கேத்லீனுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அவருடைய கண்களில் ஒன்று பழுப்பு நிறம், மற்றொன்று நீலம். அக்காலப் படச்சுருள் நீலத்தை வெளிறச் செய்துவிடும் என்பதால், திரையில் கண்கள் எப்படித் தெரியும் என்று முதலில் படமெடுத்துப் பார்த்தார்கள். கறுப்பு வெள்ளைத் திரை அந்த வேறுபாட்டை மறைத்துவிட்டது. திரையரங்க முகப்பு விளக்குப் பலகையில் அடங்க வேண்டும் என்பதற்காகப் பெயர் கலீன் மூர் எனச் சுருக்கப்பட்டது.

1917 முதல் ஆறு ஆண்டுகள் அவர் துணை வேடங்களிலும், சிறு நகைச்சுவைப் படங்களிலும், டாம் மிக்ஸ் போன்ற குதிரை வீர நாயகர்களுக்கு இணையாகவும் நடித்தார். சுருட்டைக் கூந்தலுடன் அப்பாவிப் பெண்ணாக வந்துபோகும் நூற்றுக்கணக்கான நடிகைகளுள் ஒருவராகவே அவர் இருந்தார்.

இதற்குள் நாடு மாறியிருந்தது. முதல் உலகப் போர் முடிந்து, 1920-இல் அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்றனர். நகரங்களில் வேலைக்குச் சென்று சொந்தமாகச் சம்பாதித்த இளம்பெண்கள் கூந்தலை வெட்டிக்கொண்டார்கள், ஜாஸ் இசைக்கு ஆடினார்கள். பெற்றோருக்கும் பாதிரியார்களுக்கும் இது பேரதிர்ச்சி.

அந்த அதிர்ச்சியை விற்பனைச் சரக்காக்கிய நாவல்தான் 'ஃபிளேமிங் யூத்'. வார்னர் ஃபேபியன் என்னும் புனைபெயரில் அதை எழுதியவர் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ். போலி மருந்து வணிகத்தை 1905-இல் தம் கட்டுரைகளால் அம்பலப்படுத்தி, அடுத்த ஆண்டே உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் வருவதற்குத் துணைநின்ற அதே இதழாளர்தான் அவர்.

ஃபர்ஸ்ட் நேஷனல் நிறுவனம் நாவலைப் படமாக்க முன்வந்தபோது, நாயகி பாட்ரீசியாவின் வேடத்தைக் கலீன் மூர் விரும்பினார். ஆனால், அவருடைய முகத்தில் அப்பாவித்தனமே ஓங்கி நின்றது. அவர் தம் நினைவு நூலில் சொல்வதன்படி, கத்தரிக்கோலை எடுத்தவர் அவருடைய தாய். ஜப்பானியப் பொம்மையின் தலைமுடியை மாதிரியாகக் கொண்டு நீண்ட சுருள்களை வெட்டி எறிந்தார். வேடம் கிடைத்தது. முடியை வெட்டிக்கொண்ட முதல் அமெரிக்கப் பெண் அவரல்லர். ஆயினும், படத்தைப் பார்த்த பெண்கள் முடிதிருத்தகங்களுக்குச் சென்று கேட்டது அவருடைய முடியைத்தான்.

ஜான் ஃபிரான்சிஸ் டில்லன் இயக்கிய அப்படம் விளம்பரங்களில் பெரும் ஒழுக்கக்கேட்டைக் காட்டப்போவதாக ஆசை காட்டியது. உண்மையில் அது எல்லை தாண்டவில்லை. நள்ளிரவு விருந்தில் விருந்தினர் ஆடை களைந்து நீச்சல் குளத்தில் குதிக்கும் காட்சியும் நிழலுருவங்களாகவே காட்டப்பட்டது. கலீன் மூரின் நாயகி குறும்புக்காரி, கெட்டவள் அல்லள். தாயும் மகளும் சேர்ந்தே பார்த்துச் சிரிக்கக்கூடிய ஃபிளாப்பரை அவர் படைத்தார். அஞ்சி ஒதுக்கப்பட்ட புதுப்பெண் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைய அந்தச் சிரிப்பே வாயிற்படி ஆயிற்று.

அடுத்த ஆண்டே 'ஸோ பிக்' படத்தில் இளமை முதல் முதுமை வரை ஒரு பெண்ணின் வாழ்க்கையை நடித்துக் காட்டித் தம்மால் வேறு வகையிலும் இயலும் என்று மெய்ப்பித்தார். 'சாலி', 'ஐரீன்', 'எல்லா சிண்டர்ஸ்', கேரி கூப்பருடன் நடித்த 'லைலாக் டைம்' என வெற்றிகள் தொடர்ந்தன. வார ஊதியம் 12,500 டாலரை எட்டியது. திரைக்குப் பின்னால் வாழ்க்கை அவ்வளவு ஒளியாக இல்லை. 1923-இல் அவர் மணந்த தயாரிப்பாளர் ஜான் மெக்கார்மிக் மதுவுக்கு அடிமையானவர். 1930-இல் அந்த மணவாழ்வு முறிந்தது.

பேசும் படக் காலத்தில் ஸ்பென்சர் டிரேசியுடன் நடித்த 'தி பவர் அண்ட் தி குளோரி' (1933) பாராட்டப்பட்டும், பழைய செல்வாக்கு திரும்பவில்லை. 1934-உடன் அவர் திரையை விட்டு விலகினார். சக நட்சத்திரங்கள் பலர் வறுமையில் வீழ்ந்தபோது, இவர் பணத்தைக் காத்துக்கொண்டார். பங்குச் சந்தையில் பெண்கள் பொருளீட்டுவது எப்படி என்று 1969-இல் ஒரு நூலே எழுதினார்.

1928-இல் அவர் ஒரு பொம்மை மாளிகை கட்டத் தொடங்கியிருந்தார். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் அமைந்த அந்தத் தேவதைக் கோட்டைக்கு ஏறத்தாழ 5 லட்சம் டாலர் செலவானது. 1935 முதல், பெருமந்தக் காலத்தில், அதை ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்சிக்கு வைத்துக் குழந்தைகள் நலனுக்காக 6 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டினார். 1949 முதல் அது சிகாகோ அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ள விரல்நுனி அளவு நூல்கள்கூடப் பத்திரமாக உள்ளன.

அவருடைய படங்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. காக்கப்படும் என்ற நம்பிக்கையில் தம் படச்சுருள்களை 1940-களில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்திடம் அவர் ஒப்படைத்தார். அவை கவனிப்பாரின்றிக் கிடந்தன. தவறு தெரியவந்தபோது சுருள்கள் சிதைந்திருந்தன. அக்கால நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும், நாளடைவில் தானே மட்கும். ஒலி வந்தபின் மௌனப் படங்களுக்கு விலையில்லை என்று கருதிய நிறுவனங்கள், சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கவும் அவற்றை அழித்தன. அமெரிக்க முழுநீள மௌனப் படங்களுள் 14 விழுக்காடு மட்டுமே வெளியான வடிவிலேயே முழுமையாக எஞ்சியுள்ளன என்று 2013-இல் காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

காணாமற்போன தம் படங்களைத் தேடிக்கொண்டே வாழ்ந்த கலீன் மூர் 1988 ஜனவரி 25 அன்று கலிஃபோர்னியாவில் மறைந்தார். அவருடைய 1929-ஆம் ஆண்டுப் படமான 'ஒய் பி குட்?' இத்தாலிய ஆவணக் காப்பகம் ஒன்றில் கிடைத்து, இசைத்தட்டில் தனியே பதிவாகியிருந்த ஒலியுடன் சேர்க்கப்பட்டு, 2014-இல் மீண்டும் திரையேறியது. பார்க்க அவர் இல்லை.

இன்று குட்டை முடி என்றால் உலகம் லூயிஸ் புரூக்ஸை நினைக்கிறது. அவர் பெருந்திறமையாளர் என்பதில் ஐயமில்லை. ஆனால், 1920-களில் கலீன் மூருக்கு இருந்த மக்கள் செல்வாக்கில் சிறு பகுதியே அவருக்கு இருந்தது. புரூக்ஸின் சிறந்த படங்கள் பிழைத்தன, மூரின் படங்கள் மட்கின. ஒரு கலைஞரின் இடத்தைப் பின்வரும் தலைமுறை தீர்மானிப்பதற்கு முன்னரே, கிடங்கின் சாவியை வைத்திருப்பவர்கள் பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். பொம்மை மாளிகைக்குக் கிடைத்த அக்கறையில் ஒரு பங்கு அந்தச் சுருள்களுக்கும் கிடைத்திருந்தால், பத்து நிமிடத் துண்டை வைத்துக்கொண்டு ஒரு யுகத்தை ஊகிக்க வேண்டிய நிலை நமக்கு வந்திருக்காது.