கணித மேதை இராமானுஜனும் துணைவியார் ஜானகி அம்மாளும்

சீனிவாச இராமானுஜன் என்னும் பெயரைப் பள்ளிப் பாடநூலில் படித்திராதவர் நம்மில் எவரும் இருக்க மாட்டார். ஈரோட்டில் 1887 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, இங்கிலாந்து சென்று கணிதத்தில் பெரும் புகழ் ஈட்டி, 32 ஆம் வயதில் மறைந்தவர் என்பது அனைவரும் அறிந்த செய்தி. அவர் எந்த நோயினால் இறந்தார் என்பதை மட்டும் அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களாலேயே ஒருமித்துக் கூற இயலவில்லை. அந்த நோயோடு அவர் போராடிய கடைசி ஓராண்டில் அருகிலிருந்து பணிவிடை செய்தவர், அப்பொழுது இருபது வயதே ஆகியிருந்த அவருடைய மனைவி ஜானகி.

இராமானுஜனின் கணிதத்தை விளக்க நமக்குப் புலமை போதாது. ஆகவே அதனை அறிந்தோருக்கு விட்டுவிட்டு, நோயுற்ற கணவரையும் அவரைப் பேணிய மனைவியையும் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறோம். கணவர் கடல் கடந்து சம்பாதிக்க, மனைவி இங்கே கடிதத்திற்கும் தொலைபேசிக்கும் காத்திருப்பது நமது மஹல்லாவில் எத்தனையோ வீடுகள் கண்ட வாழ்க்கை. போன இடத்தில் நோய் கண்டு, வீட்டாருக்குச் சொல்லாமல் மறைத்து, உடல் மெலிந்து திரும்பியவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஆகையால் இந்த வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

ஜானகி, கரூரை அடுத்த இராஜேந்திரம் என்னும் சிற்றூரில் 1899 மார்ச் 21 அன்று பிறந்தவர். அக்கால வழக்கப்படி 1909 ஜூலை 14 அன்று பத்து வயதில் இராமானுஜனுக்கு மணம் முடிக்கப்பட்டார். மணமகனுக்கு வயது 21. கல்லூரித் தேர்வில் தோற்று, வேலையின்றி, கணக்கு நோட்டுகளைச் சுமந்துகொண்டு வீடு வீடாக ஆதரவு தேடிக்கொண்டிருந்த காலம் அது. மறு ஆண்டே அவருக்கு ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. அதற்கும் பணமின்றி, ஒரு மருத்துவர் இலவசமாகச் செய்து உதவினார். பின்னாளில் இலண்டன் மருத்துவர்களின் ஐயத்திற்கு இடமாகப் போவதும் இந்த அறுவைதான் என்பதால் இதனை இங்கே குறித்து வைக்கிறோம்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. ஜானகியும் சென்னைக்கு வந்து கணவரோடும் மாமியார் கோமளத்தம்மாளோடும் குடித்தனம் தொடங்கினார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதமும், அதனால் விளைந்த பெரும் திருப்பமும் நாடறிந்தவை. 1914 மார்ச் 17 அன்று அவர் சென்னையில் கப்பல் ஏறினார். தம்மையும் உடன் அழைத்துச் செல்லுமாறு ஜானகி கேட்டதாகவும், ஆய்வுக்கு இடையூறாகும் என்று அவர் இசையவில்லை என்றும் தெரிகிறது. சென்ற சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. இரண்டு ஆண்டுகளில் திரும்ப எண்ணிச் சென்றவர் திரும்பி வர ஐந்து ஆண்டுகள் ஆயின.

அந்த ஐந்து ஆண்டுகளில் நிகழ்ந்ததை நமது வாசகர்கள், சிறப்பாகப் பெரியோர்கள், சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். இராமானுஜனுக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை. அதில் 50 பவுன் குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்டது. பணத்திற்கு ஒரு வழி இருந்தது, கணவன் மனைவியிடையே கடிதத்திற்குத்தான் வழி இல்லாமற் போயிற்று. ஜானகி எழுதியவை அவரை எட்டாமலும், அவர் எழுதியவை ஜானகியின் கைக்கு வராமலும் மாமியார் தடுத்து வைத்தார். கோமளத்தம்மாளை நாம் வெறும் கொடுமைக்காரியாகக் காட்ட விரும்பவில்லை. வறுமையிலும் மகனின் அறிவை நம்பி வளர்த்தவர் அந்தத் தாய். ஆயினும் மகன் மீதிருந்த உரிமையை மருமகளோடு பங்கிட்டுக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. பிறந்த வீட்டுத் திருமணத்திற்குச் சென்ற ஜானகி, பின்னர் மாமியார் வீட்டுக்குத் திரும்பவேயில்லை. மனைவி ஏன் எழுதவில்லை என்பது அங்கே அவருக்குப் புரியவில்லை. கணவருக்கு என்ன ஆயிற்று என்பது இங்கே இவருக்குத் தெரியவில்லை.

அங்கே அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. மரக்கறி உணவைத் தவிர வேறெதையும் தொடாதவர் அவர். போர்க்காலத் தட்டுப்பாட்டில் தாமே சமைத்து, நினைத்த நேரத்தில் உண்டு, சில நாள் உண்ணாமலும் உழைத்தார். குளிரில் நடுங்கியவர், கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளுக்கு உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை அறியாமல், மேலங்கியைப் போர்த்திக்கொண்டு அவற்றின் மேலேயே படுத்து வந்தார். பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ், அப்பொழுது அங்கே மாணவராக இருந்தவர், இதனைக் கண்டு முறையைக் காட்டிக் கொடுத்தார். உடன் ஒருவர் இருந்திருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்க வேண்டிய காரியம்!

1917 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நோய் வெளிப்பட்டது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், வயிற்று வலி, நாளுக்கு நாள் மெலிவு. கேம்பிரிட்ஜ் மருத்துவ விடுதியில் தொடங்கி, மெண்டிப் மலைச் சானடோரியம், மாட்லாக், இலண்டன், பட்னி என இடம் மாறிக்கொண்டேயிருந்தார். முதலில் இரைப்பைப் புண் என்றார்கள். பின்னர் காசநோய் என்று கொண்டு, குளிர்காற்றுக்குத் திறந்துவிட்ட அறைகளில் கிடத்தினார்கள். பேட்டி ஷா என்னும் இலண்டன் மருத்துவர், 1910 இல் செய்த அந்த அறுவை உண்மையில் புற்றுநோய்க் கட்டிக்கானதாக இருக்கலாம், அது கல்லீரலுக்குப் பரவியிருக்கலாம் என ஐயுற்றார். நோய் அவ்வளவு விரைவாக முற்றாததால் அந்த எண்ணமும் கைவிடப்பட்டது. இரத்தத்தில் நஞ்சு என்றும் ஈய நஞ்சு என்றும்கூடப் பேசப்பட்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு பத்தியம். நோயாளியோ உணவு விஷயத்தில் மருத்துவர்களோடு ஓயாமல் பிணங்கினார். மனம் மிகவும் தளர்ந்து, 1918 இன் தொடக்கத்தில் இலண்டன் சுரங்க இரயில் பாதையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் நிலைக்கும் வந்தார். இரயில் உரிய நேரத்தில் நிறுத்தப்பட்டதால் உயிர் தப்பினார். நீண்ட நாள் நோயில், அதிலும் இன்னதென்று தெரியாத நோயில், உடலைப் போலவே மனமும் நொறுங்கும் என்பதை வீட்டார் மறக்கலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

புகழும் இதே படுக்கையில்தான் வந்து சேர்ந்தது. 1918 மே மாதம் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். 1729 என்னும் வாடகைக் கார் எண்ணைப் பற்றி அவர் சொன்ன புகழ்மிக்க மறுமொழியும் பட்னியில் நோயாளியாகக் கிடந்தபோது சொன்னதேயாகும். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தபோது, தம் குடும்பத் தேவை போக மீதத்தை ஏழை மாணவர்கள், அநாதைச் சிறுவர்கள் ஆகியோரின் கல்விக்குச் செலவிட வேண்டும் என 1919 ஜனவரியில் படுக்கையிலிருந்தே எழுதினார்.

1919 மார்ச் இறுதியில் பம்பாயில் வந்து இறங்கினார். வரவேற்கத் தாயாரும் தம்பியும் வந்திருந்தனர். அவர் முதலில் கேட்டது மனைவி எங்கே என்றுதான். ஜானகிக்கோ கணவர் திரும்பும் செய்தி நாளிதழ் வழியே தெரிய வந்தது. சில நாட்களில் அவர் சென்னை வந்து கணவரைச் சேர்ந்தார். ஐந்து ஆண்டுகளுக்குமுன் கொழுத்த உடலோடு கப்பல் ஏறியவர், இப்பொழுது எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கடிதங்கள் என்ன ஆயின என்பது அப்பொழுதுதான் இருவருக்கும் விளங்கிற்று.

பிறகு நிகழ்ந்ததுதான் நமது கட்டுரையின் மையம். கோடைக்குக் காவிரிக்கரைக் கொடுமுடிக்குச் சென்றார்கள். அங்கே ஒரு நாள் ஆற்றுக்குப் புறப்பட்டபோது மனைவியும் உடன் வரட்டும் என்றார். தாயார் மறுத்தார். தாய் சொல்லைத் தட்டாத மகன் அன்று மனைவியின் பக்கம் நின்றார். செப்டம்பரில் கும்பகோணம், 1920 ஜனவரியில் மீண்டும் சென்னை, சேத்துப்பட்டு. நம்பெருமாள் செட்டியார் தம் பங்களாவைத் தந்து உதவினார். க்ரைனன்ட் என்ற அதன் பெயரில் அழுகையைக் குறிக்கும் ஆங்கில ஒலி இருப்பதாக நோயாளி மனம் கலங்கவே, அருகிலிருந்த கோமேத்ரா என்னும் வீட்டிற்கு மாற்றினார்கள். முடிவிலி வரையிலும் அஞ்சாமல் கணக்கிட்டவரை ஒரு வீட்டின் பெயர் அச்சுறுத்தியது. நோய் மனிதரை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்பதைப் பாருங்கள்.

காசநோய் மருத்துவத்தில் பெயர் பெற்ற டாக்டர் சந்திரசேகர ஐயர் கவனித்து வந்தார். நோய் குறையவில்லை. நோயின் பெயரைப் பற்றி மருத்துவர்கள் எழுதியதும் விவாதித்ததும் ஜானகிக்கு எட்டியிருக்க வழியில்லை. ஆங்கிலமும் அவருக்குத் தெரியாது. அவர் செய்தது இவ்வளவுதான். வேளை தவறாமல் சோறு, எலுமிச்சைச் சாறு, மோர் என்று கொடுப்பார். மார்பிலும் காலிலும் வலி என்று கணவர் சொன்னால் வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுப்பார். எழுதத் தாள் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். எழுதிய தாள்களைச் சேர்த்து வைப்பார். வலியிலும் எரிச்சலிலும் கணவர் இருந்த நாட்களும் உண்டு, நகைச்சுவையாகப் பேசிச் சிரித்த நாட்களும் உண்டு. தன்னை இங்கிலாந்துக்கு உடன் அழைத்துச் சென்றிருந்தால் இந்த நோயே வந்திராது என்று அவர் ஜானகியிடம் கூறி வருந்தினார்.

இறப்பதற்கு நான்கு நாள் முன்வரை அவர் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். 1920 ஜனவரி 12 அன்று ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அறிவித்த போலித் தீட்டா சார்புகள் இந்தப் படுக்கையில் பிறந்தவை. அந்த ஆண்டின் தாள்கள் பின்னர்ப் பல்கலைக்கழகம் வழியாக இங்கிலாந்து சென்று, பல கைகள் மாறி, 1976 இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் கண்ணில் பட்டன. தொலைந்த நோட்டு என்று உலகம் வியந்து ஆராயும் அந்தத் தாள்களின் பின்னே, ஒத்தடத் துணியைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் ஓராண்டு உழைப்பும் இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். 1920 ஏப்ரல் 26 அன்று இராமானுஜன் மறைந்தார். ஜானகிக்கு 21 வயது. குழந்தைகள் இல்லை.

அவர் பம்பாயிலிருந்த சகோதரர் வீட்டிற்குச் சென்றார். அங்கே தையல் கற்றார், கொஞ்சம் ஆங்கிலமும் கற்றார். 1930களின் தொடக்கத்தில் சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியமர்ந்தார். வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குத் தொழச் செல்லும் நம்மவர்களுக்குப் பழக்கமான அதே திருவல்லிக்கேணிதான். பல்கலைக்கழகம் தந்த சிறு உதவித்தொகையும் தையல் வருமானமுமாகத் தன் காலில் நின்றார். 1950 இல், தாயை இழந்த ஒரு சிறுவனைத் தம் மகனாக ஏற்று வளர்த்து, படிக்க வைத்து, வங்கி அதிகாரியாக ஆளாக்கினார். தம் கணவர் அநாதைச் சிறுவர்களின் கல்விக்கென எழுதியதை இவர் தையல் இயந்திரத்தின் துணையோடு நிறைவேற்றினார் எனலாம்.

1936 இல், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி சந்திரசேகர், ஹார்டியின் விருப்பப்படி இராமானுஜனின் நல்ல நிழற்படம் ஒன்றைத் தேடி இந்த அம்மையாரிடம் வந்தார். 1919 இல் நாடு திரும்பும்போது எடுத்த பாஸ்போர்ட் படம் அவரிடமிருந்து கிடைத்தது. நோயில் மெலிந்த முகம், ஒளி குன்றாத கண்கள். இன்று நாம் எங்கும் காணும் படம் அதுவே. கணவருக்குச் சிலை வைப்பதாக எப்பொழுதோ சொன்னார்களே, அது எங்கே என்று முதுமையில் அவர் கேட்டது நாளிதழில் வெளிவந்தது. அதனைப் படித்த அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு ஆஸ்கி முயன்று, உலகெங்குமுள்ள கணித அறிஞர்கள் பணம் சேர்த்து, பால் கிரான்லண்ட் என்னும் சிற்பியைக் கொண்டு 1980களில் மார்பளவுச் சிலைகள் வார்க்கச் செய்தனர். அதற்கும் அந்தப் பாஸ்போர்ட் படமே ஆதாரம்.

1994 இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, இராமானுஜனைத் தாக்கியது காசநோய் அன்று, இளமையில் அவருக்கு வந்த சீதபேதிக் கிருமி பல ஆண்டுகள் தங்கிக் கல்லீரலைப் பற்றியதே என்று இராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். இதனை உறுதிசெய்யும் சோதனை இனி இயலாது. அது உண்மையாயின், அதற்குரிய எமெட்டின் என்னும் மருந்து 1912 முதலே கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ் என்பவரால் ஊசி வழியாகச் செலுத்தப்பட்டு வந்தது. இளமையில் இவருக்கு என்னென்ன நோய் வந்தது என்பதை அடிமுதல் கேட்டறிந்து சொல்ல, பட்னியிலும் மாட்லாக்கிலும் வீட்டார் ஒருவரும் அருகில் இல்லை.

அதே 1994 இல் ஏப்ரல் 13 அன்று, தமது 95 ஆம் வயதில், ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணி இல்லத்தில் காலமானார். சேத்துப்பட்டில் ஒத்தடத்திற்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை அவர் தம் முதுமையிலும் வீட்டில் வைத்திருந்தார். பார்க்க வந்தவர்களிடம் அவற்றைப் பற்றிச் சொல்வதும் உண்டு.